கிளட்ச் லீவர் வாங்குகிறவன்

சென்னை ஜி.பி. ரோட்டில் நான் வழக்கமாக ஸ்பேர்ஸ் வாங்கும் கடைக்கார அண்ணன் போன வருடம் ஒருநாள் பில் போட்டபடியே கேட்டார்: "ஏன் தம்பி, எப்ப வந்தாலும் கிளட்ச் லீவர், கியர் லீவர், லெஃப்ட் ஃபுட்ரெஸ்ட்டுன்னே வாங்கிட்டுப் போறீங்க. உங்க வண்டியில பிரேக் லீவர் உடையவே உடையாதா?"

சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. கிளட்ச் இடது கையில், பிரேக் வலது கையில். ஒன்றரை வருடத்தில் நான்கு முறை விழுந்திருக்கிறேன், நான்கும் இடது பக்கம். ஆனால் அந்த நான்குக்கும் என்னிடம் நான்கு தனித்தனிக் காரணங்கள் இருந்தன.

தெரியாதவர்களுக்காக: நான் நோவிஸ் பிரிவில், அதாவது புதியவர்களுக்கான பிரிவில், பைக் ரேஸ் ஓட்டுகிறேன். வயது 31. வாரநாளில் ஆபீஸ், வார இறுதியில் வாய்ப்புக் கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டை. எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி. அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும்போது அப்பா சைக்கிளிலேயே பார்க்கப் போவாராம். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அப்பா பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார், நான் நிறுத்தவில்லை.

முதல் முறை விழுந்தது பயிற்சியின்போது, இரண்டாவது லேப்பில். காரணம்: டயர் சூடாகவில்லை, சூடானால்தான் பிடிக்கும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக் என்பதால் வலது வளைவுகளே அதிகம், டயரின் இடது ஓரம் சூடாக நேரமெடுக்கும். எங்கள் பிரிவில் டயருக்குப் போர்த்தும் சூடேற்றும் உறையெல்லாம் கிடையாது. இரண்டாவது முறை: வளைவில் மண் இருந்தது. யாராவது டிராக் ஓரத்து ஜல்லியில் இறங்கி ஏறினால் மண் வரத்தான் செய்யும், ஆனால் எனக்கு முன்னால் போன ஆறு பேரும் அதே இடத்தில் விழாமல் போனார்கள் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. மூன்றாவது முறை ரேஸில். பக்கத்தில் வந்தவர் நான் போகவேண்டிய பாதையை அடைத்துவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டினேன். நான்காவது முறை டிராக்கில் எனக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, டயர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு "கவனம் சிதறிவிட்டது" என்று பெயர் வைத்தேன்.

முன் டயர் கைவிடுவது எப்படி இருக்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கையில் இருந்த கனம் திடீரென்று இல்லாமல் போகும். மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் இருக்காதே, அந்த மாதிரி. அடுத்த கணம் தோள்பட்டை தரையில். தோல் சூட் தாரில் உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். பைக் நமக்கு முன்னால் தீப்பொறி பறக்க வழுக்கிக்கொண்டு போகும், ஏதோ நம்மை விட்டுவிட்டு வேறு யாருடனோ கிளம்பிப் போகிற மாதிரி. மூன்றாவது முறை நின்றுவிட்டேன் என்று நினைத்து எழுந்திரிக்கப் பார்த்தேன். நிற்கவில்லை. இன்னும் நல்ல வேகத்தில் வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கால் ஊன்றியதும் தூக்கிப் போட்டு இரண்டு முறை உருட்டியது. விழுந்ததில் பட்ட அடியைவிட எழுந்ததில் பட்டதுதான் அதிகம். கையை மார்போடு வைத்துக்கொண்டு முழுதாக நிற்கும்வரை படுத்தே இருக்க வேண்டும் என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டதுதான்.

அப்படி விழுந்த படத்தை நெட்டில் போட்டபோது கமென்ட்டில் பாதிப் பேர் எழுதியது ஒன்றேதான்: "விழுந்தாத்தான் மச்சி கத்துக்க முடியும்." மீதிப் பேர் மார்க்வெஸை இழுத்துக்கொண்டு வந்தார்கள். 2017 சீசனில் மார்க் மார்க்வெஸ் 27 முறை விழுந்தார், அந்த வருடம் மோட்டோஜிபி என்ற உலக பைக் ரேஸ் தொடரின் சாம்பியனும் அவர்தான். நானும் இந்தக் கணக்கை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது யாராவது சொன்னால் எரிச்சலாக இருக்கிறது.

மார்க்வெஸ், வேகத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் அதில் இடித்துக்கொண்டவர். பெரும்பாலும் ரேஸில் அல்ல, பயிற்சியிலும் தகுதிச்சுற்றிலும். விழுந்து பிட்டுக்கு, அதாவது டீம் ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்கு, வந்தால் பைக்கில் இருக்கும் சென்சார்கள் எந்த இடத்தில் எவ்வளவு பிரேக் பிடித்தார், எவ்வளவு சாய்த்தார், எப்போது ஆக்சிலரேட்டரைத் திறந்தார் என்று வரைபடமாகக் கொடுத்துவிடும். அதைப் படிக்க இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நான் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் விழுந்தவன். என்னிடம் இருக்கும் ஒரே சென்சார் என் ஞாபகம். அது பொய் சொல்லும். அதுவும் டீக்கடையில் மூன்று பேரிடம் கதையாகச் சொல்லிவிட்டால், அப்புறம் கதைதான் ஞாபகத்தில் நிற்கும், நடந்தது நிற்காது. அதே மார்க்வெஸ் 2020இல் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் கையை உடைத்துக்கொண்டு, நான்கு அறுவை சிகிச்சை செய்து, அடுத்த பட்டத்துக்கு 2025 வரை காத்திருந்தார். அதை யாரும் கமென்ட்டில் எழுதுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இதே டிராக்கில், அறிமுகப் பிரிவு ரேஸில், 13 வயதுப் பையன் ஒருவன் முதல் வளைவு தாண்டி விழுந்து இறந்துபோனான். அந்த வார இறுதியின் மீதி ரேஸ்களை ரத்து செய்தார்கள். விழுந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுதான் வருகிறது.

சரி, கிளட்ச் லீவருக்கு வருகிறேன். கடைக்கார அண்ணன் கேட்டதை எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். அடுத்த பயிற்சி நாளில் வேலிக்கு இந்தப் பக்கம் இரண்டு வளைவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்று வலது, ஒன்று இடது, போனில் வீடியோ எடுத்தார். சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். வலது வளைவில் என் இடது தொடை டேங்கோடு ஒட்டியிருந்தது. இடது வளைவில் வலது முட்டிக்கும் டேங்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

"இந்தக் காலுக்கு என்ன ஆச்சு?"

காலேஜில் ஃபுட்பால் ஆடும்போது வலது முட்டியில் லிகமென்ட் கிழிந்தது. பத்து வருடத்துக்கு மேலாகிறது. நடக்க, ஓட, படியேற எந்தச் சிரமமும் இல்லாததால் மறந்தே போயிருந்தேன். முட்டி மறக்கவில்லை போல. வளைவில் வெளிப்பக்கத் தொடைதான் டேங்கைக் கவ்வி உடம்பைத் தாங்க வேண்டும். என் வலது கால் கவ்வாததால் உடம்பின் பாரமெல்லாம் இடது கை வழியாக ஹேண்டில்பாரில் இறங்கியிருக்கிறது. முன் சக்கரம் வளைவில் தானாகவே சின்னச் சின்னதாக அசைந்து தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அதை அசையவிடாமல் நான் முறுக்கிப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி, பிரேக்குக்குக் கொடுத்தது போக மீதிதான் வளைவுக்கு. நான் இரண்டுக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு கடனையும் அதன் தலையில் ஏற்றியிருக்கிறேன். டயர் ஆறியிருந்த அன்று அது டயரின் தப்பாகத் தெரிந்தது, மண் இருந்த அன்று மண்ணின் தப்பாக. நான் நான்கு முறை விழவில்லை. ஒரே விழுதலை நான்கு முறை விழுந்திருக்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் பழைய லாரி ட்யூபை வெட்டி டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுத்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பிடிக்கிறது. பிசியோதெரபிக்கு மூன்று மாதம் போனேன். முதல் சில வாரம் இடது வளைவில் வேண்டுமென்றே மெதுவாகப் போனதில் லேப் டைம் மூன்று விநாடி ஏறியது. கூட ஓட்டுகிற பொடியன்கள், 19, 20 வயது, சர் சர்ரென்று தாண்டிப் போவார்கள். ரோஷத்தை அடக்குவதற்கு பிசியோவைவிட அதிக நாள் பிடித்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கினேன். விழுந்தாலோ, விழப்பார்த்தாலோ, ஹெல்மெட்டைக் கழற்றியதும் யாரிடமும் பேசாமல் அதில் எழுதிவிட வேண்டும் என்று கட்டளை. விழுந்ததை அல்ல, அதற்கு முந்தைய இரண்டு விநாடியை. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். தப்பு அங்கே எங்கேயோ நடந்திருக்கும், விழுவது வேறெங்கோ நடக்கும். கண் எங்கே இருந்தது, எந்த விரல் பிரேக்கில் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனா, இவ்வளவுதான். "அதிர்ஷ்டம்" என்ற வார்த்தையை அதில் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன், இரண்டு முறை எழுதி அடித்திருக்கிறேன்.

போன மாதம் மறுபடி விழுந்தேன். நோட்டில் இப்படி இருக்கிறது: "முன்னாடி போனவனைத் தாண்டிடலாம்னு பிரேக்கை லேட்டாப் பிடிச்சேன். வளைவைப் பார்க்கலை, அவன் பின் டயரையே பார்த்தேன். பிரேக்கை விடாமலே சாய்ச்சேன்." எலும்பு ஒன்றும் உடையவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்காமலே பின்னால் திரும்பி கிளட்ச் லீவர் டப்பாவை எடுத்தார்.

"அண்ணா, அது இல்ல. பிரேக் லீவர்."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பக்கம் ஆரம்பிச்சிட்டீங்களா தம்பி?"