ஆறு என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

உயர்தரத்தில் என்னிடம் இரசாயனவியல் படித்த ஒரு பெடியன் போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். சேதன (ஓர்கானிக்) இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் முடித்தவன். விரிவுரையாளர் பதவிக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறான். இத்தனை வருட ஆய்வைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். "உம்முடைய எச்-இன்டெக்ஸ் ஆறுதானே?" என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடியிருக்கிறார்கள். ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடும் எண் அது. "டீச்சர், ஆறு குறைவுதான். ஆனா அந்த ஆறுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இவனுக்கு நான் படிப்பித்த காலம் மீள்குடியேறி வந்த புதிது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருந்தது, ஆய்வுகூடம் இல்லை. கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் அளவியை (பியூரெட்) வெண்கட்டியால் கரும்பலகையில் கீறித்தான் நியமிப்புப் பரிசோதனையைச் (டைட்ரேஷன்) சொல்லிக் கொடுத்தேன். உண்மையான அளவியை அவன் முதன்முதலாகக் கையில் எடுத்தது கம்பஸில். முகாமில் கழிந்த மாதங்கள் எந்தச் சுட்டெண்ணிலும் வராது, அதற்காகச் சலுகை கேட்டும் நான் இதை எழுதவில்லை. அவன் செய்த வேலையை வாசித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எச்-இன்டெக்ஸ் என்பதைக் கொண்டுவந்தவர் ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர், 2005இல். ஆறு என்றால், குறைந்தது ஆறு தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஆறு இருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். வயது போகப் போக அது ஏறும், ஒருபோதும் இறங்காது. பெரிய குழுவில் இருப்பவருக்குக் கெதியாக ஏறும். ஒருவருடைய வேலையை ஒற்றை எண்ணால் பருமட்டாகத்தான் காட்டலாம் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

மேற்கோள் வேண்டாத சாமான் என்று நான் சொல்லவில்லை. சேதன இரசாயனத்தில் ஒரு மேற்கோளுக்குப் பின்னால் பல நேரம், எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாத ஒருவர் உங்கள் செய்முறையைத் தன் குடுவையில் செய்து பார்த்திருப்பார். அது பெரிய விஷயம். 'ஓர்கானிக் சின்தசிஸ்' என்றொரு வெளியீடு 1921 முதல் வருகிறது. அதற்கு அனுப்பும் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவில் ஒருவரின் ஆய்வுகூடத்தில் திரும்பச் செய்து, சரிவந்தால்தான் அச்சேற்றுவார்கள். என் மனதுக்கு மதிப்பீடு என்றால் அதுதான்.

எங்கள் வளவில் நிற்கும் வேம்பை எடுத்துக்கொள்வோம். நெல்லுக்குள் பூச்சி வராமலிருக்க அம்மா காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைப்பா. வேப்பங்கொட்டையில் அசாடிரக்டின் என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது, பூச்சியைத் தின்னவிடாது, வளரவும் விடாது. அதை முதலில் பிரித்தெடுத்தது 1968இல். அதன் சரியான கட்டமைப்பு தெரியவர 1980களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஆய்வுகூடத்தில் அதை முழுதாகக் கட்டியெழுப்பியது கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு, 2007இல். 22 வருடம், 71 படிகள், ஒருவர் பின் ஒருவராக எத்தனையோ மாணவர்கள். லேக்கு அந்த 22 வருடத்தில் வேறு ஏராளமான கட்டுரைகள் வந்தன, அவர் நிலைத்தார். அந்த 71 படிகளில் நடுவில் எங்கோ நின்று, நாலு வருடம் ஒரே ஒரு பிணைப்போடு மல்லுக்கட்டிய மாணவரின் எச்-இன்டெக்ஸ் அன்று எவ்வளவு இருந்திருக்கும்?

இன்னொன்று. மலேரியா என்றால் என்னவென்று வன்னியில் என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. குளிரில் நடுங்கி, நாலு போர்வை போர்த்தும் அடங்காத இரவுகள். 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்று உலகெங்கும் கடும் மலேரியாவிலிருந்து உயிர்காக்கும் மருந்துக்கு மூலமான ஆர்ட்டிமிசினினைச் சீனத்து மூலிகையிலிருந்து எடுக்க வழிகண்டவர் தூ யூயூ என்ற சீன விஞ்ஞானி. கலாநிதிப் பட்டம் இல்லாதவர். அந்த மூலக்கூற்றின் கட்டமைப்பை 1977இல் வெளியிட்டபோது கட்டுரையில் தனியாள் பெயர் ஒன்றுகூட இல்லை, குழுவின் பெயர்தான். பெயரே இல்லாத கட்டுரையின் மேற்கோளை யாருடைய கணக்கில் ஏற்றுவது? 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

என் மாணவன் போகும்போது தன் கட்டுரை ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். இதுவரை நான்கு மேற்கோள். செய்முறைப் பகுதியைப் பென்சிலோடு இரண்டு நாள் இருந்து வாசித்தேன். எனக்கு விளங்காத இடங்களும் உண்டு. ஆனால் சரிவராத இரசாயனத் தாக்கங்களையும், ஏன் சரிவரவில்லை என்பதையும், ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறான். பின்னால் வருகிற ஒருவர் அதே குழியில் விழமாட்டார்.

தேர்வுக் குழுக்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகள், பழைய மாணவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். விண்ணப்பிப்பவரிடம் அவருக்குப் பிடித்த மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். நேர்முகத்துக்கு முதல்நாள் அவற்றை வாசித்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் இவனுக்கு இன்னோரிடத்தில் நேர்முகம் இருக்கிறது.