பானெட்டுக்குள் வரும் மெல்லிய பெட்ரோல் வாடை

"பெட்ரோல் வண்டி என்றால் கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும் அண்ணே" என்று காரைக்குடியில் இரண்டு பட்டறைகளில் எனக்குச் சொன்னார்கள். அந்தப் பதிலை நான் முழுமையாக மறுக்கிறேன். இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் கருவி) வைத்த வண்டியில் டேங்கிலிருந்து எஞ்சின்வரை பெட்ரோல் செல்லும் பாதை முழுவதும் மூடியது. பானெட்டைத் திறந்ததும் வாடை வந்தால் அந்தப் பாதையில் எங்கோ கசிவு இருக்கிறது.

எங்கள் கார் பதினான்கு வருடம் ஓடியது. பிள்ளையார்பட்டிக்கும் கல்யாண வீடுகளுக்கும் போவதைத் தவிர, மாதத்தில் பாதி நாள் வீட்டை ஒட்டிய கொட்டகையிலேயே நிற்கும். மார்கழியில் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஐந்து நிமிடம் வாடை அடித்தது, பிறகு மறைந்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறிவிடும். எங்கும் ஈரம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவர் டேங்க் மூடியை மாற்றினார், இன்னொருவர் ஏர் ஃபில்டரை மாற்றினார். வாடை அப்படியே இருந்தது.

குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் கசிவைச் சூடான எஞ்சினில் தேடியதுதான் அவர்கள் செய்த பிழை. இன்ஜெக்டர் குழாயோடு சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங்; வயதாகி இறுகிவிட்டால் அது குளிரில் சுருங்கி வழிவிடும். சூடேறியதும் விரிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும், கசிந்த சொட்டும் சூட்டில் ஆவியாகிவிடும். பழைய ரப்பருக்கு, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் நல்லதன்று. வண்டியை ஓட்டி நிறுத்திய பிறகு வாடை வருமானால் கதை வேறு. அப்போது டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டரையும், அந்த ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வையும் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியில் புதுவயலில் ஒரு வயதான மெக்கானிக், வண்டியை இரவு முழுவதும் தன்னிடமே விட்டுப் போகச் சொன்னார். காலையில் பட்டறைக் கதவுகளை அகலத் திறந்து வைத்தார். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று நான்கு முறை ஆன் செய்தார். ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டொரு நொடி ஓடி, குழாயில் அழுத்தம் ஏற்றும். அந்த அழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்கும், அதாவது டயரில் நாம் அடிக்கும் 32ஐ விட அதிகம். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும், ஹோஸ் சேரும் இடங்களிலும் வெள்ளை டிஷ்யூவை வைத்து ஒற்றினார். மூன்றாவது இன்ஜெக்டரில் டிஷ்யூ நனைந்தது. உற்றுப் பார்த்தால் அதன் அடியில் மட்டும் தூசி கழுவப்பட்டுப் பளிச்சென்று இருந்தது; அந்த அடையாளத்தை இரண்டு பட்டறைகளிலும் யாரும் கவனிக்கவில்லை.

பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினார்; பேட்டரி இணைப்பையும் எடுத்தார். நன்றாக ஆறிய பின்பே நான்கு இன்ஜெக்டர்களுக்கும் புது ஓ-ரிங்குகளை, ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவிப் பொருத்தினார். ஒன்று இறுகியிருந்தால் மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான் என்றார். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் எங்கள் பக்கத்து வீடுகளின் அமைப்புதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, அதனால் மூடிய கொட்டகையில் தரையோடு தங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடத் தீப்பற்றும் அளவு ஆவியை வெளிவிடும் திரவம் அது. கொட்டகைக்கு நாலடி தள்ளி அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுவார்கள், சாம்பிராணியும் போடுவார்கள். வாடை நின்றது உறுதியாகும்வரை காரை நான் தெருவில்தான் நிறுத்தினேன்.

உங்கள் வண்டியில் வாடை வந்தால், முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினில் உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.