அன்றைக்குச் சால் எண்ணினார்கள், நாம் தேதி எண்ணுகிறோம்

பங்குக் கிணற்றில் சித்தப்பா மகனின் முறையான செவ்வாய்க்கிழமை நான் மோட்டார் ஓட்டியதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் கொட்டாய் வாசலில் நான் மண்வெட்டியோடு நிற்கும் போட்டோ ஊரில் பாதிப் பேர் போனில் இருக்கிறது. அதன் கீழே 'தண்ணித் திருடன்' என்று எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். 46 வயதில் பட்டம் வாங்குவதும் ஒரு பாக்கியம்தான்.

போட்டோவில் வராததை மட்டும் சொல்கிறேன். எங்கள் கிணறு நான்கு பங்கு. ஆளுக்கு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு முறை மாறும். திங்கள் என் முறை. அன்று விடிவதற்கு முன்பே டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய், கரண்ட் வந்தது செவ்வாய் விடிகாலை ஐந்தரைக்கு. எனக்கு மிஞ்சியது அரை மணி நேரம். நான் எட்டு வரைக்கும் ஓட்டினேன். இல்லை என்று சொல்லவில்லையே. சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. போன வியாழன் கட்டிய தண்ணீர், இந்த முறையை விட்டால் அடுத்த முறை வெள்ளி. காய் பிடித்து நிற்கும் தக்காளியைச் சித்திரை வெயிலில் எட்டு நாள் காயப் போட்டால் என்ன ஆகும் என்று பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நான் கேட்பது ஒன்றுதான். முறையை நாள் கணக்கில் வைக்காதீர்கள், மோட்டார் ஓடிய மணிக்கணக்கில் வையுங்கள். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு ஹவர் மீட்டர் மாட்டினால் போதும். ஆளுக்கு எட்டு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் அடுத்தவர். கரண்ட் போனால் கணக்கும் நிற்கும். டிராக்டர் உழவுக்கு மணிக்கணக்கு, ஜேசிபிக்கு மணிக்கணக்கு. அங்கெல்லாம் மீட்டரை நம்பிக் காசு எண்ணிக் கொடுக்கிறோம். சொந்தப் பங்காளியோடு மட்டும் காலண்டர்!

இதே கிணற்றில் தாத்தா காலத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினார்கள். அப்போது முறை சால் கணக்கு, சால் என்றால் மாடு இழுத்து மேலே வரும் பெரிய வாளி. பெரியப்பா சின்னப் பையனாக இருந்தபோது கிணற்று மேட்டில் உட்கார்ந்து, சாலுக்கு ஒரு கல் எடுத்துப் போடுவாராம். மாடு படுத்துக்கொண்டால் கல்லும் விழாது. கைநாட்டு வைத்தவர்கள் இறைத்த தண்ணீரை எண்ணியிருக்கிறார்கள். பிளஸ் டூ படித்த நாம் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறோம். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 'கிணற்றில் 4ல் 1 பாகமும், 5 எச்பி மின்மோட்டார் பம்புசெட்டில் 4ல் 1 பாகமும்' என்றுதான் இருக்கும். கரண்ட் இல்லாத நாளில் நாலில் ஒரு பாகத்தை எந்த வாய்க்காலில் பாய்ச்சுவது?

'கரண்டே ஓசி, இதில் கணக்கு வேறா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பெங்களூரில் ஏசி அறையில் இருக்கிறார், இருக்கட்டும். 1984ல் சிறு விவசாயிகளுக்கு, அப்புறம் கலைஞர் ஆட்சியில் எல்லோருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதனால்தான் எங்கள் இணைப்பில் மீட்டரே கிடையாது. கரண்ட் ஓசி ஐயா, தண்ணீர் ஓசி இல்லை.

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரியவர்கள் முகம் மாறுவது எனக்கும் தெரியும். 1970ல் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூன்று பேரைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இது நம் கொட்டாய்க்குள் நாமே மாட்டுகிற மீட்டர். யூனிட் காட்டாது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் காட்டும். மின்வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'கிணறு நிறைந்திருக்கும்போது ஓட்டும் ஒரு மணியும், அடித்தண்ணீரில் ஓட்டும் ஒரு மணியும் ஒன்றா' என்று மாமா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒன்றில்லை. மூன்று மணி நேரம் இறைத்தால் எங்கள் கிணறு ஊறுவதற்குக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பேசி ஒரு வழி செய்யலாம். பேசினால்தானே?

பேசுவது எங்கே? போட்டோ எடுத்தவனும் அதே சித்தப்பா மகன்தான். இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் காயில் எரிந்தபோது, கையில் காசில்லை என்று அவன் சொல்ல, ரீவைண்டிங் கூலியில் அவன் பங்கையும் நானே போட்டேன். இன்றுவரை திரும்பக் கேட்டதில்லை. அப்பா காரியத்தன்று என் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். 'அண்ணா, ஏன் ஓட்டினே' என்று வரப்பில் நின்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன், மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும். இப்போது என் மகள் தோழிகளின் போனில் எல்லாம் நான் திருடன்.

ஹவர் மீட்டரை நேற்றே தர்மபுரியில் வாங்கி வந்துவிட்டேன். யாரும் பங்கு தர வேண்டாம். கொட்டாய்க்குத்தான் அவன் புதுப் பூட்டு போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அவன் வாசலில் போய்ச் சாவிக்கு நிற்க வேண்டும். அதையும் போட்டோ எடுப்பானோ என்னவோ.