20 லட்சம் கையைத் தாண்டிப் போகிற பணம்

அந்த பில் படம் இந்நேரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். மரம் வெட்டியதற்கு 40,000, ஜிஎஸ்டி 18% 7,200, மொத்தம் 47,200. மேலே "பகல் கொள்ளை" என்று ஒரு வரி, கூடவே சிரிக்கிற பொம்மை நாலு. கீழே வரிசையாக வந்து "மரம் வெட்டுறவனுக்கு எதுக்குய்யா ஜிஎஸ்டி" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் கணக்கே போட்டுவிட்டார்: "20 லட்சம் சம்பாதிச்சாத்தான் ஜிஎஸ்டி. அப்போ இந்தாளுக்கு மாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல வருமானம். நாமதான் படிச்சுக் கெட்டோம்." அதற்குத்தான் லைக் அதிகம்.

பகல் கொள்ளை என்றதைக்கூட விட்டுவிடலாம். இந்தக் கணக்கை விட முடியவில்லை.

20 லட்சம் என்பது சம்பாத்தியம் இல்லை சார், டர்ன்ஓவர். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை பில் போட்ட மொத்தத் தொகை. அதில் கிரேன்காரர் பணம் இருக்கிறது, லோடு வண்டிக்காரர் பணம் இருக்கிறது, ஏறுகிற ஆளின் கூலி இருக்கிறது, பெட்ரோல் பங்க்குக்குப் போனது இருக்கிறது. எல்லாம் ஒருத்தர் கை வழியாகப் போவதால் அவர் கணக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். சேவைத் தொழிலுக்கு இந்த எல்லையை 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது வைத்தார்கள். கூலி ஏறிவிட்டது, பெட்ரோல் ஏறிவிட்டது, எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, அந்த 40,000-ஐப் பிரித்தே பார்ப்போம். பெரிய தூங்குமூஞ்சி மரம், பாதிக் கிளை கூரை மேல், சாய்க்க இடம் இல்லை, துண்டு துண்டாகக் கட்டி இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேன் 9,000. ஐந்து ஆள் இரண்டு நாள், 12,000. கழிவு ஏற்ற வண்டி நாலு நடை, 6,000. பெட்ரோலும் அதில் கலக்கிற 2டி ஆயிலும் 1,800. ரம்ப மிஷினின் செயின், அந்தச் செயின் சுற்றி ஓடுகிற பார், இரண்டின் தேய்மானம் 1,500. கயிறு, கப்பி, ஆள் காப்பீடு என்று 1,000. ஆக 31,300. தொகை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

செயினுக்கு 1,500-ஆ என்று ஒருத்தர் நிச்சயம் கேட்பார். வீட்டு மரத்தில் ஆணி இல்லாத மரம் அபூர்வம். துணிக்கொடி கட்ட அடித்த ஆணி, பல்பு மாட்டிய கம்பி, எப்போதோ சுற்றிய இரும்பு வளையம். மரம் பருக்கப் பருக்க அதை உள்ளே விழுங்கிவிடும், வெளியே தழும்புகூடத் தெரியாது. ஓடுகிற செயின் அதில் பட்டால் ஒரே நொடிதான். அதுவரை செதில் செதிலாக வந்தது அப்புறம் மாவு மாதிரி வரும். வெட்டு இறங்கவில்லையே என்று மிஷினை அழுத்தினால் பார் சூடாகும், க்ளட்ச் போகும். நிறுத்தி, அரம் எடுத்து ராவ வேண்டும். .325 பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம், 30 டிகிரி, ஒரு பல்லுக்கு எத்தனை இழுப்போ எல்லாப் பல்லுக்கும் அத்தனை. ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்துகொண்டே போகும். ஆணியில் பட்ட பல் பாதிக்கு மேல் சிதைந்திருந்தால் ராவியும் பயனில்லை, புதுச் செயின்தான். அந்த ஆணியை அடித்தவர் வீட்டுக்காரர். ஆனால் பில்லில் "ஆணி" என்று ஒரு வரி போட்டால் அதையும் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

எரிபொருளும் இதே கதைதான். லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் என்று கலந்து வைக்கிறோம். மழை பிடித்து இரண்டு மூன்று வாரம் வேலை இல்லை என்றால் கலந்தது அப்படியே கிடக்கும். இப்போதைய பெட்ரோலில் 20% எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துவிடும். மிஷின் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் செத்துவிடும். ஆகவே மீதத்தைக் கேனில் ஊற்றிவிட்டு, டேங்கில் இருக்கிற சொச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். கேனில் பழசானதைத் திரும்ப மிஷினில் ஊற்றவும் முடியாது.

எங்கே விட்டேன்? 31,300. இப்போது வரிக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "இன்புட் கிரெடிட் வாங்கிக்குவாங்க, அவங்களுக்கு என்ன நஷ்டம்" என்று எழுதியவர் இரண்டு முறை படிக்கலாம். இன்புட் கிரெடிட் என்பது, வேலைக்காக வாங்கியதில் ஏற்கெனவே கொடுத்த ஜிஎஸ்டியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது.

கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட்டும் கிடையாது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை, அதிலும் கிரெடிட் இல்லை. லோடு வண்டிக்காரர் நம்மைவிடச் சின்ன ஆள், ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவர், அங்கேயும் இல்லை. ஆயில், கயிறு மாதிரிச் சில்லறையை விட்டுவிட்டால் மிச்சம் கிரேன் 9,000-க்கு 1,620, செயின் பார் 1,500-க்கு 270. மொத்த கிரெடிட் 1,890. அதாவது 7,200 வசூலித்து, 1,890 கழித்து, 5,310 அரசுக்குக் கட்டுகிறார். அந்த 1,890-ஐயும் கிரேன்காரரும் கடைக்காரரும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டாயிற்று. 7,200-ல் ஒரு ரூபாய் மரக்காரர் பையில் தங்கவில்லை. தங்கவில்லை. இதை நூறு முறை எழுதவும் தயார்.

"அடுத்த தெருவில் ஒருத்தர் 40,000-க்கே முடிச்சுத் தர்றாரே?" முடிப்பார். அவர் எல்லைக்குக் கீழே இருக்கிறார், பதிவு எடுக்கவில்லை, வரி வாங்கக் கூடாது, வாங்கவும் இல்லை. தப்பே கிடையாது. அவருக்கு 31,300-ம், திரும்பி வராத 1,890-ம் போக 6,810 நிற்கும். அதே 6,810 பதிவு எடுத்தவருக்கு நிற்க வேண்டுமானால் அவர் 38,110 விலை சொல்லி, மேலே 18% போட்டு, 44,970 வாங்க வேண்டும். ஆக உண்மையான வித்தியாசம் 4,970, சுமார் 12.4%. படத்தில் இருப்பவர் 40,000-க்கு மேலேயே வரியைப் போட்டிருக்கிறார், அதனால் அவருக்கு 8,700 நிற்கிறது. ஆயிரத்துச் சொச்சம் குறைத்திருக்கலாமே என்று கேட்டால் கேளுங்கள், அது நியாயமான பேரம். கொள்ளை என்பது வேறு வார்த்தை.

"வரியை உங்க லாபத்துல இருந்து கட்டுங்களேன்" என்று சொன்ன அண்ணனுக்கு: கட்டலாம். 40,000-க்குள்ளேயே வரி என்றால் அதில் 18/118 பங்கு, 6,102 வரி. மிச்சம் 33,898. செலவு 31,300. கையில் 2,598, இரண்டு நாளுக்கு. உங்கள் கூரை மேல் 300 கிலோக் கிளை தொங்கும்போது கயிற்றைப் பிடித்திருந்ததற்கு. அதிலும் மரம் பார்க்க வந்து போன அரை நாளைச் சேர்க்கவில்லை, பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிய மற்ற வீடுகளையும் சேர்க்கவில்லை.

மாசம் ஒன்றரை லட்சம் என்றவருக்கும் சொல்லிவிடுகிறேன். 40,000 ரூபாய் வேலை ஐம்பது செய்தால் 20 லட்சம். ஒன்றுக்கு 6,810 என்றால் வருஷத்துக்கு 3,40,500. மாதம் 28,375. அதிலிருந்து வண்டித் தவணை, மிஷின் ரிப்பேர், வேலை இல்லாத மாதம். படித்துக் கெட்டவர்கள் தாராளமாக இந்தப் பக்கம் வரலாம், ஏறுவதற்கு ஆள் பற்றாக்குறைதான்.

"காம்போசிஷன் எடுத்திருக்கலாமே?" இது உருப்படியான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். காம்போசிஷன் என்பது சின்னத் தொழிலுக்கான குறைந்த விகித வரித் திட்டம். 2019 ஏப்ரலிலிருந்து சேவைத் தொழிலுக்கும் அந்த வழி உண்டு. முந்தைய ஆண்டு டர்ன்ஓவர் 50 லட்சத்துக்குள் இருந்தால் 6% கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு அது தோதுதான். ஆனால் அந்த 6%-ஐ வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, கிரெடிட்டும் எடுக்க முடியாது. 40,000-க்கு 2,400 போய் 6,810 என்பது 4,410 ஆகும். கம்பெனி வளாகம், அபார்ட்மென்ட் வேலை எடுப்பவரிடம் "வரி பில் கொடுங்க, எங்களுக்கு கிரெடிட் வேணும்" என்று கேட்பார்கள், அந்த வேலை போய்விடும். வீடும் கம்பெனியும் கலந்து செய்கிறவருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பக்கம் அடி.

"பொண்டாட்டி பேர்ல இன்னொரு கம்பெனி போட்டுப் பிரிச்சுக்கலாம்" என்று யோசனை சொன்னவர், மேலே "வரி ஏய்ப்பு" என்று கத்தியவரேதான். டர்ன்ஓவர் பான் எண்ணுக்குத்தான் கணக்கு, ஒரே பானில் எத்தனை பெயர்ப் பலகை மாட்டினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். வேறு பானில் போட்டு, அதே ஆள், அதே மிஷின், அதே போன் நம்பர் என்றால் அது பிரிப்பு இல்லை, நோட்டீசுக்கு விண்ணப்பம்.

இனி விறகு. "மரத்தையும் எடுத்துட்டுப் போய் வித்துக்கிறாங்க, அந்தக் காசு எங்கே?" இதைக் கேட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று. விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் விறகு விற்ற பணம் 20 லட்சக் கணக்கில் சேரும். வரி விலக்குள்ள விற்பனையும் மொத்த டர்ன்ஓவரில் அடக்கம். "பொருள் வித்தா 40 லட்சம் வரைக்கும் போகலாம்" என்று ஆடிட்டர் சொன்னதாகச் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பொருள் மட்டுமே விற்பவருக்கு. ஒரே ஒரு கவாத்து (கிளை கழிக்கிற) வேலைக்குக் கூலி வாங்கினாலும் எல்லை 20-க்கு வந்துவிடும். தோப்பில் காய் பறிப்பது, பழ மரத்துக்குக் கவாத்து செய்வது விவசாயப் பணி, வரி விலக்கு உண்டு. அதுவும் கணக்கில் சேரும். வீட்டுக் கூரை மேல் சாய்ந்த மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, பெரும்பாலோர் இதில்தான் மாட்டுவார்கள். "மரத்தை நீங்களே வச்சுக்குங்க, கூலியில 10,000 குறைச்சுக்குங்க." எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு. பில் 30,000-க்குப் போடுகிறோம். சட்டப்படி அந்த வேலையின் மதிப்பு 30,000 இல்லை, மரமும் கூலியின் ஒரு பகுதி. பணமாகக் கொடுத்தாலும் மரமாகக் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். 40,000-க்கு வரி பார்க்க வேண்டும், பிறகு அந்த மரத்தை விற்றால் அதுவும் தனியாக டர்ன்ஓவர். விறகாக விற்றால் வரி இல்லை, உருட்டு மரமாக அறுவை மில்லுக்குப் போனால் 18%. பத்தாயிரம் குறைத்த வீட்டுக்காரர்தான் அப்புறம் படம் எடுத்துப் போடுகிறார்.

ரொக்கமாகவோ யுபிஐயிலோ வாங்கி பில்லே போடாமல் விட்டால்? விடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லி யாரை ஏமாற்ற. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்தே சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனதைப் பார்த்தோம்.

தொழிலில் இருக்கிறவர்கள் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து மாதக் கடைசியில் கூட்டு எழுதுங்கள், விறகையும் சேர்த்து. 16 லட்சம் வந்ததும் எல்லா விலைச் சீட்டிலும் "ஜிஎஸ்டி வந்தால் தனி" என்று எழுதுங்கள். பிப்ரவரியில் வரி இல்லாமல் விலை சொல்லி, நடுவில் எல்லை தாண்டி, மார்ச்சில் வேலை செய்தால் அந்த வரி உங்கள் தலையில். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு. பெரிய மிஷின் வாங்கும் திட்டம் இருந்தால் பதிவுக்குப் பிறகு வாங்குங்கள். பதிவு எடுக்கும்போது கையிருப்பில் உள்ள செயின், ஆயில் போன்ற சரக்குக்கு கிரெடிட் உண்டு, ஏற்கெனவே வாங்கிய மிஷினுக்கு இல்லை. கிரேனை வீட்டுக்காரரே நேரடியாகப் பேசிப் பணம் கொடுத்தால் அது உங்கள் டர்ன்ஓவரில் வராது. ஆனால் பில் அவர் பெயரில், பணம் அவர் கையிலிருந்து போக வேண்டும், சும்மா வாய்ப்பேச்சு போதாது. ரிட்டர்ன், அதாவது மாத வரிக் கணக்கு, தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வேலையே இல்லாத மாதத்துக்கும் 20 ரூபாய். மரம் ஏறிக்கொண்டிருக்கும்போது ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20-ம் தேதி என்பது யாருக்கு ஞாபகம் வரும்?

வீட்டுக்காரர்களும் ஒன்று செய்யலாம். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள், அரசுத் தளத்தில் போட்டால் பெயர் வரும். எண் இல்லாமல் 18% வாங்கினால் அதுதான் கொள்ளை, அதைப் போடுங்கள், நானே பகிர்கிறேன். இந்தப் படத்தில் எண் இருந்தது. வரி கட்டுகிறவரைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

கடைசியாக, "வெட்டுறவன்". பல் பிடுங்குகிறவரை யாரும் "பிடுங்குறவன்" என்று எழுதுவதில்லை. அவர் பில்லிலும் யாரும் பொம்மை ஒட்டுவதில்லை. நாற்பது அடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஒரு கையில் ஓடுகிற ரம்பத்தோடு, உங்கள் தண்ணீர்த் தொட்டி உடையாமல் கிளையை இறக்குகிறவருக்கு ஒரு "ர்" போட முடியவில்லை. இதற்கும் ஜிஎஸ்டிக்கும் சம்பந்தம் இல்லைதான். இருந்தாலும்.

பில் படம் போட்டவருக்கு இன்னொரு வருத்தமாம், தூரை எடுக்காமல் போய்விட்டார்களாம். அந்த பில்லில் கூலிக்கு நேரே "தரைமட்டம் வரை, தூர் நீங்கலாக" என்று எழுதியிருக்கிறது. அவர் போட்ட படத்தையே கொஞ்சம் பெரிதாக்கினால் தெரியும்.