சோபர்ஸ் கோப்பைப் பட்டியலில் ஒரே ஒரு சுழற்பந்து வீச்சாளர்

ஐசிசி ஆண்டுதோறும் உலகின் சிறந்த வீரருக்கு வழங்கும் சர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் கோப்பையை 2004-இல் முதலில் பெற்றவர் ராகுல் திராவிட். 2024-ஆம் ஆண்டுக்காகப் பெற்றவர் ஜஸ்பிரித் பும்ரா. இவ்விருவருக்கும் இடைப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால், சுழற்பந்து வீச்சையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவர்தான் தென்படுகிறார். அவர் 2016-இல் வென்ற நம் ரவிச்சந்திரன் அஸ்வின். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெயர் அங்கே தனித்து நிற்பது பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

முத்தையா முரளிதரனுக்கு இந்தக் கோப்பை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவர், 2006 என்ற ஒரே ஆண்டில் 11 டெஸ்ட்டுகளில் 90 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் அவர். 2006, 2007 இரண்டிலும் கோப்பை ரிக்கி பாண்டிங்கிடம் சென்றது. ஷேன் வார்னுக்கும் அது கிட்டவில்லை. 2005-இல் அவர் எடுத்த 96 டெஸ்ட் விக்கெட்டுகளில் 40 இங்கிலாந்து மண்ணில் ஆடிய ஆஷஸ் தொடரில் வந்தவை, எனினும் அவ்வாண்டு ஃபிளின்டாஃபும் காலிஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டனர். பாண்டிங்கோ ஃபிளின்டாஃபோ தகுதியற்றவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வரலாற்றின் மிகச் சிறந்த இரு சுழற்பந்து வீச்சாளர்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கிய ஒரு விருது, அவர்களில் ஒருவரைக்கூட எட்டாமல் போனது எப்படி என்பதே என் கேள்வி. 2012-இல் பாகிஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மலுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. வாக்களிப்புக்குரிய அந்தக் காலத்தில் உலகிலேயே அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்திருந்த அவர், சிறந்த டெஸ்ட் வீரருக்கான இறுதிப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. பாகிஸ்தான் வாரியம் முறையிட்டும் பட்டியல் மாறவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், சுழற்பந்து வீச்சாளருக்கு உள்ளூர் ஆடுகளம் துணை நிற்கிறது என்பது. அஸ்வின் 2015-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 31 விக்கெட்டுகள் எடுத்தபோதும் பேச்செல்லாம் நாக்பூர் ஆடுகளத்தைப் பற்றியதாகவே இருந்தது. அந்த ஆடுகளம் மோசமானது என்று ஐசிசியே மதிப்பிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2013-14 ஆஷஸில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஜான்சன் தம் சொந்த மண்ணில் 37 விக்கெட்டுகள் எடுத்தபோது, பிரிஸ்பேனின் எகிறும் பந்துக்கு அந்தப் புகழில் எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்து தென்னாப்பிரிக்காவிலும் 22 விக்கெட்டுகள் எடுத்த அவருக்கு 2014-இன் கோப்பை முற்றிலும் பொருந்தும். பந்து எகிறினால் வீச்சாளரின் திறமை, திரும்பினால் மட்டும் ஆடுகளத்தின் குற்றம் என்ற அளவுகோலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அஸ்வினுக்கே கூட வீச்சு மட்டும் போதுமானதாக இருந்திருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. 2016 விருதுக்குக் கணக்கில் கொள்ளப்பட்ட 8 டெஸ்ட்டுகளில் 48 விக்கெட்டுகளோடு 336 ரன்களும் அவரிடம் இருந்தன. மேற்கிந்தியத் தீவுகளில் அடித்த இரு சதங்களும் அதில் அடக்கம். அந்தக் காலக்கெடு 2016 செப்டம்பர் 20-இல் முடிந்துவிட்டது. இரண்டே நாள் கழித்து கான்பூரில் தொடங்கிய நியூசிலாந்துத் தொடரில், மூன்று டெஸ்ட்டுகளில் அவர் எடுத்த 27 விக்கெட்டுகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. சதமும் அடித்தால்தான் ஒரு சுழற்பந்து வீச்சாளர் வாக்களிப்போரின் கண்ணில் படுவார் என்றால், மட்டை பிடிக்கத் தெரியாத ஓர் அரிய சுழற்பந்து வீச்சாளரின் கதி என்ன?

பந்துவீச்சாளருக்கென்று தனி விருது ஒன்றை உருவாக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அது ஆறுதல் பரிசாகவே முடியும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாக்களிப்போரின் முன் வைக்கப்படும் குறிப்பில் மொத்த ரன்னும் மொத்த விக்கெட்டும் மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஆடுகளத்தில் எதிரணியின் அதே வகை வீச்சாளர்கள் என்ன சாதித்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சோபர்ஸ் வேகமும் வீசினார், இடக்கையால் விரல் சுழற்பந்தும் மணிக்கட்டுச் சுழற்பந்தும் வீசினார். அவருடைய பெயரைத் தாங்கிய கோப்பைக்கு அஸ்வினுக்குப் பின் இரண்டாவது சுழற்பந்து வீச்சாளர் எப்போது வருவார் என்று நான் காத்திருக்கிறேன்.