நிறம் வெளுத்திருந்தால் சத்தில்லை என்று யார் சொன்னது?

மெல்பர்னில் நம்மாட்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் ஒயின் வாங்கி வந்தாலும் அது தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் செய்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினாகத்தான் இருக்கும். கருஞ்சிவப்பு, கெட்டி, 14.5 சதவீதம் ஆல்கஹால். பாட்டிலைத் தூக்கிப் பிடித்து "இது நல்ல ஸ்ட்ராங்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டுவார்கள். ஷிராஸ் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அதுதான் ஒயின், மிச்சமெல்லாம் தண்ணி கலந்தது என்று தீர்ப்பெழுதுகிறார்களே, அதோடுதான் சண்டை.

போன பிப்ரவரி கடைசியில் மார்னிங்டன் தீபகற்பத்துக்குப் போய்வந்த பிறகு சண்டை முற்றிவிட்டது. மெல்பர்னிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம்தான். ஒரு பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, இன்னொரு பக்கம் வெஸ்டர்ன் போர்ட், கீழே பாஸ் நீரிணை. நகரம் வெந்துகொண்டிருக்கும் நாளிலும் அங்கே மேட்டில் ஏறினால் ஸ்வெட்டரைத் தேட வைக்கும் காற்று. நம்மில் பலர் அந்தப் பக்கம் போவது சொரெண்டோ கடற்கரைக்கும், ஆர்தர்ஸ் சீட் கேபிள் காருக்கும்தான். வழியில் திராட்சைத் தோட்டப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுகிறோம்.

நாங்கள் போனது ரெட் ஹில் பக்கத்தில் ஒரு சின்ன இடம். ஒரு காலத்தில் ஆப்பிள் தோப்புகளுக்குப் பேர்போன மேடு அது. மண் எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டான செம்மண். திராட்சை பெரிய அளவில் வந்தது 1970களில்தான். 1975இல் நாட் ஒயிட், ரோசலி ஒயிட் தம்பதி பக்கத்து மெயின் ரிட்ஜில் கொடி நட்டார்கள். இத்தனை குளிரில் திராட்சை பழுக்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இன்று அங்கே வரிசையாக நிற்கும் தோட்டங்களே பதில்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வருஷம் முழுக்கப் பழம் எடுப்பார்கள். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை. பறவை கொத்தாமல் இருக்க வரிசை முழுவதும் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். தோட்டத்துப் பெண் வலையை விலக்கி, சிவப்பு ஒயினுக்கான பினோ நுவார் ரகத்தின் குலை ஒன்றைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற குலை, இடைவெளியே இல்லாமல் நெருக்கிப்பிடித்த சின்னப் பழங்கள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். தோல் கடிபடுவதற்குள் கரைந்துவிட்டது. முதலில் நல்ல இனிப்பு, அது அடங்கியதும் பல் கூசும் புளிப்பு.

எல்லாமே அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. காயாக இருக்கும்போது திராட்சையில் மாலிக் அமிலம் நிறைய இருக்கும். வெயில் ஏற ஏற, பழம் அதை எரித்துத் தீர்த்துவிடும். வெப்பமான ஊரில் சர்க்கரை சரசரவென்று ஏறி, புளிப்பு வடிந்துபோகும். கடற்காற்று வெயிலைத் தணிக்கும் ஊரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது, புளிப்பும் தங்குகிறது. புளி போதாத ரசத்தில் எத்தனை மிளகைத் தட்டிப் போட்டாலும் அது எழும்பாது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒயினுக்கும் புளிப்புதான் முதுகெலும்பு.

சுவைக்க உட்கார்ந்தோம். முதலில் பினோ கிரி. வெள்ளை ஒயின்தான், ஆனால் திராட்சையின் தோல் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. பேரிக்காய் வாசனை, நாக்கில் கொஞ்சம் வழவழப்பு. அடுத்து ஷார்டனே, இதுவும் வெள்ளைதான். பிரெஞ்சு ஓக் பீப்பாயில் நொதித்தது. மரம் முன்னால் வந்து கத்தாமல் பின்னாலேயே நின்றது. துப்பிய பிறகும் எலுமிச்சைத் தோலின் கசப்பு வாயோரத்தில் வெகுநேரம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

கடைசியில் பினோ நுவார் வந்தது. கிளாஸைச் சாய்த்தால் அந்தப் பக்கம் என் விரல்ரேகை தெரிந்தது. கூட வந்த அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷ மெல்பர்ன்வாசி. கிளாஸைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தண்ணி மாதிரிக் கிடக்கு. இதுக்கோ அறுபது டொலர்?" என்றார். ஊற்றிய பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, முகம் புரிந்துவிட்டது. சிரித்தார்.

இந்தத் திராட்சைக்குத் தோலில் நிறமே குறைவு. சிவப்பு ஒயினுக்கு நிறம் கொடுப்பது சாறு அல்ல, தோல்தான். வெளுத்த நிறம் இந்த ரகத்தின் பிறவிக் குணம். தண்ணி கலந்ததாலும் வரவில்லை, தரம் குறைந்ததாலும் வரவில்லை. "அண்ணை, நிறத்தை விட்டுட்டு மூக்கை வையுங்கோ" என்றேன். வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. செர்ரி, மழை பெய்த மண், லேசாகக் கிராம்பு. குடித்தால் தொண்டையில் எரிச்சல் கிடையாது, வாய் மட்டும் ஊறுகிறது.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு முனையைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. காரமான ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் 15 சதவீத ஷிராஸை வைத்தால் வாயில் தீ இரண்டு மடங்கு. அதன் துவர்ப்பும் சேர்ந்து, குழம்பின் ருசியையே அமுக்கிவிடும். "ஒயின் நம்ம சாப்பாட்டுக்கு ஒத்து வராது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சேர்க்கையை வைத்துத்தான் சொல்கிறார்கள். 13 சதவீதப் பினோ கிரியைக் குளிரவைத்து மீன் குழம்போடு குடித்துப் பாருங்கள். புளிக்குப் புளி சண்டை போடாது, சேர்ந்துகொள்ளும். பினோ நுவாருக்கு மிளகு வறுவல், காளான், வாத்துக்கறி.

குறை இல்லாமல் இல்லை. விலை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். சின்னத் தோட்டம், கையால் பறிப்பு, நிலத்தின் விலையோ ஆகாயத்தில். ஆனாலும் வாரநாள் இரவுக்கு அறுபது டாலர் பாட்டில் திறக்க நம்மால் ஆகாது. அட்டையில் எழுதி வைத்திருக்கும் வர்ணனையும் சில இடங்களில் சிரிப்பு மூட்டும். 'நனைந்த கல்' என்று ஒன்றில் இருந்தது. நனைந்த கல்லை யார் நக்கிப் பார்த்தார்கள்? அதைப் படித்துவிட்டு, நமக்கு அந்த வாசனை தெரியவில்லையே என்று கூனிக் குறுகிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொய்யா, நார்த்தங்காய், ஏலக்காய் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். ஊற்றுபவர்கள் ஆவலோடுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. பத்துப் பேர் மினிபஸ்ஸில் போய் அஞ்சு தோட்டம் முடிக்கிற போட்டி வேண்டாம். மூன்றாவது இடத்திலேயே நாக்கு மரத்துவிடும், பிறகு எல்லாம் செல்ஃபிக்குத்தான். மேசையில் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து முழுவதையும் விழுங்குகிற நம்மவர் பழக்கம் வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து. விக்டோரியாவில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05, புதிதாக லைசென்ஸ் வாங்கிய பி பிளேட் பிள்ளைகளுக்குப் பூஜ்யம். அன்றைக்கு வண்டி என் கையில், அதனால் எல்லாவற்றையும் துப்பினேன். ஷார்டனேயைத் துப்பும்போது மட்டும் மனசு வலித்தது.

அண்ணை பினோ நுவாரில் இரண்டு பாட்டில் வாங்கினார். சுவைத்துப் பார்த்ததற்கான கட்டணத்தைப் பில்லில் கழித்துவிட்டார்கள், அதில் அவருக்கு ஒயினை விடச் சந்தோஷம். அடுத்த மாதம் அவர் மகளுக்குப் பிறந்தநாள். ஷிராஸோடு வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அங்கே கணவாய்க் கறி இருக்கும், நான் பினோ கிரி கொண்டு வருகிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.