தனி ஸ்டேஷன் மட்டும் போதாது

மகளிர் காவல் நிலையங்கள் பெருகினால் பெண்களுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று வருடம் முன்பு என் அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன். கையில் வீக்கம் அப்படியே இருந்தது. ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது மகளிர் ஸ்டேஷன் கேஸ்மா, அங்க போங்க" என்றார். இரண்டு பஸ் மாறவேண்டும். அக்கா பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டு, "வீட்டுக்கே போயிடலாம்டி" என்றாள். அன்றைக்குப் புகாரே கொடுக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2015-ல் ஹரியானாவில் மகளிர் நிலையங்கள் திறந்த பிறகு என்ன நடந்தது என்று அரசியல் அறிவியல் ஆராய்ச்சியாளர் நிர்விகார் ஜஸ்ஸல் ஆராய்ந்திருக்கிறார். சாதாரண ஸ்டேஷன்கள் பெண்களின் புகாரை வாங்காமல் அங்கே தள்ளிவிடுவதுதான் கூடியிருக்கிறது. 1992-லேயே இப்படிப்பட்ட நிலையங்களைத் தொடங்கிய தமிழ்நாடு இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த ஆய்வு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சாதாரண ஸ்டேஷனுக்குள்ளேயே பெண்களுக்கு உதவி மையம் அமைத்து, போலீசாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்களின் புகார்கள் பதிவாவது கூடியது. பெண் அதிகாரிகள் நடத்திய மையங்களில்தான் எஃப்.ஐ.ஆர் அதிகம் பதிவானது.

ஆக, பெண் போலீஸ் வேண்டும்தான். ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறையும், போன உடனே புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதும் கிடைத்திருந்தால் அக்கா அன்று திரும்பி வந்திருக்க மாட்டாள்.